பத்து இறாத்தல் மயில்துத்தம்

எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையாவை நான் வெறுத்த அளவுக்கு வேறெந்த மனிதரையும் வெறுத்ததில்லை. அவர் செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. வெறுப்பு இன்னும் சாகவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் தேடிப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான் கிடைத்தது.

கண்டாக்கையா என்றால் மலையில் நடக்கும் வேலைகளுக்கெல்லாம் மேலாள். துரைக்குக் கீழே, எங்களுக்கு மேலே. துரை மாதத்தில் இரண்டு தடவை கண்ணில் படுவார். கண்டாக்கையா விடிந்தால் பொழுது சாய்ந்தால் எங்கள் கண்ணிலேயே இருப்பார். என் அப்பாவை விடப் பத்து வயது சின்னவர், அப்பாவை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அப்பா அதற்கு "ஐயா" என்று ஓடுவார். ஓடுவதை நிறுத்தும்படி நான் அப்பாவிடம் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். "ஓடலைன்னா சோறு ஓடிப் போயிரும்" என்பார் அவர். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்காது.

நான் சொல்லப் போவது ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து நாலு மைல். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் மொத்தம் இருபத்துநாலு குடும்பங்கள். அதில் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புப் படித்தது நான் ஒருவன். இரசாயனம் படித்தேன். எங்கள் ஆட்களுக்கு அது என்ன படிப்பு என்றே தெரியாது. "மருந்துப் படிப்பு" என்று சொல்லிக்கொண்டார்கள். மருந்து விஷயத்தில்தான் என் தலையும் உருண்டது.

அந்தச் சமயம் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்திருந்தது. கொழுந்தில் அம்மைப் பொக்குளம் மாதிரி எழும்பும், பிறகு வெளுத்து அழுகும். மழையும் மூட்டமும் இருந்தால் ஒரு வாரத்தில் ஒரு மலையே நாசம். அதற்கு மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புப் பாலுடன் கலந்து, முதுகில் கட்டிய பம்புகளால் அடிப்பார்கள். கவ்வாத்து வெட்டித் துளிர்விட்ட மலைகளுக்கு முக்கியமாக அடிப்பார்கள். ஒரு கலவைக்குப் பத்து இறாத்தல் மயில்துத்தம், அதற்கென்று அளந்த சுண்ணாம்பு. நிறுத்துக் கலக்குகிற வேலை அப்பாவுடையது. சுண்ணாம்பு குறைந்தால் மருந்து இலையைச் சுட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒரு தடவைக்கு இரண்டு தடவை நிறுத்துப் பார்க்கிற ஆள்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் கவ்வாத்து மலை கருகியது. மருந்து அடித்த மூன்றாம் நாள், நெருப்புப் பற்றியது போல, துளிரெல்லாம் ஓரம் காய்ந்து சுருண்டு நின்றது. மலைக்குப் போய்ப் பார்த்த கண்டாக்கையா நேராக எங்கள் லயத்துக்கு வந்தார். எங்கள் ஒற்றை அறை வீடான காம்பராவின் சுவரைக் கைத்தடியால் சுரண்டினார். சுரண்டியதை விரலில் எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"என்னடா, கல்யாண வீடு மாதிரி இருக்கு?"

"தீவாளிக்கு அடிச்சதுங்க ஐயா. கினிகத்தேனைக் கடையில வாங்குனதுங்க" என்றார் அப்பா.

"மலைக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு ஒன் வீட்டுச் செவுத்துல இருக்கு. மலை கருகிருச்சு, ஒன் வீடு வெளுத்துருச்சு. இதுக்கு வேற கணக்கு வேணுமா? செவ்வாக்கெழம தொரை விசாரிப்பாரு. பத்துச்சீட்டு வாங்கத் தயாரா இரு."

பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நீக்கித் தருகிற துண்டு. அது கைக்கு வந்தால் காம்பரா இல்லை, அரிசி இல்லை, பக்கத்துத் தோட்டத்திலும் எடுக்கமாட்டார்கள். அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அப்பா அப்போதுதான் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். இந்த நாட்டில் இத்தனை வருடம் விடாமல் இருந்தேன் என்று காட்ட அவரிடம் இருந்தது தோட்டத்துப் பேர்ப்புத்தகம் மட்டும். அதிலிருந்து பேரை வெட்டினால் நாங்கள் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள். லயத்து ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்களையும் அன்றைக்கு வெறுத்தேன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்ற அப்பாவையும்தான்.

"நீங்க திருடலைன்னு சத்தமா சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

"சொன்னேன்ல."

"மொனகுனீங்க."

அம்மா என்னை அதட்டினாள். அப்பா சுவரில் சுரண்டின இடத்தைக் கையால் தடவினார். பிறகு, "சுண்ணாம்பு சரியாத்தான் போட்டேன். ஆனா இந்த வாட்டி மயில்துத்தம் ஒரு மாதிரியா இருந்துச்சுப்பா" என்றார்.

மழையில் மருந்து அறை ஒழுகி, சாக்கு ஈரமாகி, மயில்துத்தம் கட்டிதட்டிப் போயிருந்ததாம். கண்டாக்கையா பார்த்தால் கத்துவாரே என்று அப்பா பயந்திருக்கிறார். அம்மாவின் தம்பி, என் மாமா, தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பெரிப்பவர். எங்களுக்கு இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தார். "கொண்டாங்க மச்சான், அடுப்பு மேல போட்டுக் காயவச்சுத் தாரேன்" என்று அவர்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தேயிலைக்காரர்களுக்கு ஈரம் என்றாலே சரக்கு கெட்டது என்று அர்த்தம். எது நனைந்தாலும் காய வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிற கூட்டம் நாங்கள். அடுப்பின் செங்கல் மேட்டில் தேயிலைப் பெட்டிப் பலகையைப் போட்டு, அதில் பரப்பி, மூன்று நாள் வைத்திருந்திருக்கிறார் மாமா.

"நல்லாக் காஞ்சுருச்சு. ஆனா நீலமெல்லாம் போயி வெள்ளையாயிருச்சு. தண்ணில போட்டா மறுபடி நீலம் வந்துருச்சு. அதனால கெட்டுப்போகலைன்னு கலந்துட்டேன். ஒண்ணுதான் புதுசு, தண்ணி விட்டதும் தொட்டி சுட்டுச்சுப்பா. கைய வைக்க முடியல."

போன பருவத்தில்தான் பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருந்தோம். மயில்துத்தம் நீலமாக இருப்பதே அதற்குள் தண்ணீர் இருப்பதால்தான். அது ஈரம் அல்ல, தொட்டால் கையில் ஒட்டாது. படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிற தண்ணீர். சுட்டால் அது போய்விடும், உப்பு வெளுத்துவிடும். திரும்பத் தண்ணீர் விட்டால் சூட்டோடு நீலம் வரும். அப்படியானால் அப்பா பத்து இறாத்தல் என்று நிறுத்தது நாம் நினைக்கிற பத்து இறாத்தலே அல்ல. சாக்கின் அடியில் மிஞ்சியிருந்த வெள்ளைத் தூளில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அதை இரசாயன வாத்தியாரிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைப் பிடிக்காது என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

"எங்கையடா எடுத்தனி உந்தத் தூளை? களவோ?" என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் காகிதத்தை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தராசுப் பெட்டியின் சாவியை மேசையில் எறிந்தார். அவரிடம் நான் பெற்ற ஒரே உபகாரம் அது. அதையும் எறிந்துதான் தந்தார்.

மூசைக் கிண்ணத்தில் ஐந்து கிராம் தூளை நிறுத்து, பிரைமஸ் அடுப்பில் சுட்டேன். சுட்டதை மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் ஆறவைத்துத்தான் நிறுக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மூட்டம் நின்றது. கலத்தின் மூடியைக் கொஞ்சம் முன்னதாகத் திறந்துவிட்டேன் என்று அவர் பின்னாலிருந்து கத்தினார். "மூடடா! தூள் உந்த மூட்டத்தை முழுக்கக் குடிச்சுப் போடும். நிறை மாறாமல் நிக்கும் மட்டும் சூடாக்கு."

முதல் தடவை 4.62 கிராம். மறுபடி சுட்டேன், 4.50. மறுபடி, 4.49. இன்னொரு தடவை, 4.49. அதற்குக் கீழே இறங்கவில்லை. தொழிற்சாலை அடுப்பின் சூட்டுக்கு முக்கால்வாசித் தண்ணீர் போய், போகாத கொஞ்சம் பிரைமஸில் போயிருந்தது.

மிச்சம் வெறும் கணக்கு. நீல மயில்துத்தத்தின் மூலக்கூற்று நிறை 249.5. அதில் தண்ணீர் ஐந்து பங்கு, ஐந்து பதினெட்டு தொண்ணூறு. கழித்தால் நீரற்ற உப்பு 159.5. ஆகவே பத்து இறாத்தல் நீலக் கல்லில் உண்மையான உப்பு 6.4 இறாத்தல்தான், மற்ற 3.6 தண்ணீர். ஆனால் மாமா காயவைத்த தூளில் ஐந்துக்கு 4.49. பத்து இறாத்தலுக்கு ஏறக்குறைய ஒன்பது. ஆறு புள்ளி நாலு போக வேண்டிய இடத்தில் ஒன்பது போயிருக்கிறது. பதினாலு இறாத்தல் நீலக்கல்லைக் கொட்டியதற்குச் சமம். சுண்ணாம்பு மட்டும் பத்துக்கு உரியது. மலை கருகாமல் என்ன செய்யும்?

வாத்தியார் தாளை வாங்கிப் பார்த்து, "கணக்குச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். அப்பா திருடவில்லை என்பதற்கு என் சட்டைப் பையில் அத்தாட்சி இருந்தது. ஆனால் யாரிடமும் காட்டவில்லை. அப்பாவிடம் காட்டினால் பயந்துபோய் வேண்டாம் என்பார் என்று தெரியும். அன்று சாயந்தரம் மாமா, கையெல்லாம் கரியோடு, எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். அக்காவின் புருஷனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. "பள்ளிக்கூடத்துல என்னமோ கேக்கப் போறேன்னியே மாப்ள, என்ன சொன்னாங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா" என்றேன்.

தாளை இங்கிலீஷில் சுத்தமாக எழுதினேன். பரிசோதனையை எப்படி எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பொருள் எது, அது எந்த நிலையில் இருந்தது, எங்கே எத்தனை நாள் சூடாக்கப்பட்டது, பிறகு நிறைகள், பிறகு கணக்கு. ஒன்றும் விடாமல் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்கு முன்னால் போய் நின்றோம். துரை உள்ளே மேசையில், கண்டாக்கையா பக்கத்தில், நாங்கள் ஜன்னலுக்கு வெளியே தரையில். அதுதான் முறை. கண்டாக்கையா குற்றத்தைப் படித்தார். அப்பா வாய் திறக்கும் முன் நான் ஜன்னலில் தாளை நீட்டி, துரையிடம் இங்கிலீஷில் பேசினேன். லயத்துப் பயல் துரையிடம் நேராகப் பேசுவது அந்தத் தோட்டத்தில் அதுவரை நடக்காதது.

"படிச்ச திமிரப் பாருங்க" என்றார் கண்டாக்கையா. துரை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அதைவிட ருசியான ஒரு நிமிடத்தை நான் சாப்பிட்டதில்லை.

துரை தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பார்த்தார். பேனாவை எடுத்துப் பெருக்கல்களைச் சரிபார்த்தார். "ஒன்பதா!" என்று தனக்குள் சொன்னார். அப்பாவைப் பார்த்து, "சுண்ணாம்பு நீ எடுக்கவில்லை. சரி" என்றார் அவருடைய தமிழில். அப்பா கும்பிட்டார். பிறகு துரை முதல் பக்கத்தைத் திருப்பினார். பேனா ஓரிடத்தில் நின்றது.

"தொழிற்சாலை அடுப்பின் மேல் மூன்று நாள்" என்று நான்தான் எழுதியிருந்தேன்.

தொழிற்சாலைக்குள் தேயிலையைத் தவிர எதுவும் போகக்கூடாது. வெங்காயம் கூடாது, சூடம் கூடாது, மண்ணெண்ணெய் பட்ட துணி கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எதையும் இழுத்துக்கொள்ளும். லயத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். மாமாவுக்கும் தெரியும், அப்பா திட்டு வாங்கக்கூடாதென்று கண்ணை மூடிக்கொண்டு செய்திருந்தார். எனக்குத் தெரியாதா? தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும். கண்டாக்கையாவை மண்ணைக் கவ்வ வைக்கிற அவசரத்தில் அது என் தலையில் ஏறவேயில்லை. விஷத்தை, தேயிலை காய்கிற அறையில், மூன்று நாள் வைத்திருந்ததாகத் துரையிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

"யார் வைத்தது?" என்றார் துரை. குரல் மாறியிருந்தது.

"நாந்தாங்க தொரை" என்று அப்பா சத்தமாகச் சொன்னார். முனகவில்லை. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இவன் பேக்டரி வாசப்படி ஏறுனதே இல்லீங்க. அடுப்பெரிக்கிறவன் இவன் மச்சினன்" என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கையா தொழிற்சாலைப் பக்கம் வேகமாக நடந்தார்.

மாமா வந்தார். கூப்பிட்டது எதற்கென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. துரை கேட்டதும், அப்பாவுக்குச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, விதியையெல்லாம் மறந்து, முகமெல்லாம் விரிந்து, "ஆமாங்க தொரை, நாந்தான் காயவச்சேன். ஈரமாக் கெடந்துச்சு. மச்சான் மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் மாமாவுக்குப் பத்துச்சீட்டு எழுதியாயிற்று. அந்த மூன்று நாள் தேயிலை முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாமாவின் பிரஜாவுரிமைத் தாள்களும் எங்களுடையதைப் போலவே கொழும்பில் கிடந்தன. அவை இனி எதற்கும் உதவாது. அப்பா வேலையில் நீடித்தார். அம்மா அன்று எனக்குச் சோறு போட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சாப்புடு. நீ செயிச்சுட்டல்ல" என்றாள். அதன்பின் ரொம்ப நாள் அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. துரைமேல், கண்டாக்கையாமேல், அந்தத் தூள்மேல், எல்லோர்மேலும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் மாமா குடும்பத்தோடு ராகலைப் பக்கம் தன் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினார். ஹட்டன் பஸ் நிற்கும் இடம் வரை பெட்டியை நான் தூக்கி வந்தேன். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாமா பெட்டியை வாங்கிக்கொண்டார். ஏறவில்லை.

"மலை கருகுனது நான் காயவச்சதாலன்னு எனக்கு அன்னிக்கு ஆபீஸ்லதான்டா தெரியும்" என்றார். "ஒனக்கு மொத நாளே தெரியும். நான் வந்து வாசல்ல ஒக்காந்து கேட்டேன்ல. சொல்லியிருந்தா நானே பேக்டரியப் பாத்துக்கிற டீமேக்கரையா கால்ல விழுந்து சொல்லியிருப்பேன். அவரு எனக்கு ஒரு வழி பண்ணியிருப்பாரு. ஒங்கப்பனும் தப்பிச்சிருப்பாரு. ஏன் மாப்ள சொல்லல?"

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"எல்லார் முன்னாலயும் சொல்லணும்னு இருந்துச்சு மாமா. கண்டாக்கையா மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு."

மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டார்.

"பாத்தியா?"

துரை கையை உயர்த்தியபோது நான் துரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு கண்டாக்கையா மாமாவைக் கூட்டிவரப் போய்விட்டார், அவருடைய முதுகைத்தான் பார்த்தேன்.

"இல்ல மாமா" என்றேன். அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.